மணிகண்டன் வீழ்ந்தான்

வெல்காராத் ஒன்பதாம் பாகத்துக்கு நான் ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். அதற்கும் கீழே கொடுக்க அந்த இணையதளத்தில் இடமில்லை. இருந்திருந்தால் தோண்டிக்கொண்டே போயிருப்பேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெல்காராத் என்பது வாளெடுத்து, குதிரையேறி, மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றி, வழியில் கிடைத்தவர்களையெல்லாம் கூட்டணி சேர்த்துக்கொண்டு, கடைசியில் சாம்பல் அரசன் என்ற வில்லனைக் கொல்கிற வீடியோ கேம். பாலிடெக்னிக் படிக்கும்போது மூன்றாம் பாகத்தில் போய்ச் சேர்ந்தேன். இன்னும் திரும்பி வரவில்லை. இடையில் கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், தலையில் குறைந்ததெல்லாம் இடுப்பில் கூடியது, ஓசூர் சிப்காட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் ஆனேன். ஆனால் டிவியில் நான் இன்றும் ஆறடி உயரம். தோளில் ஒரு கழுகு.

இந்தத் தொடரில் முதல் பாகத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு. சாம்பல் அரசனுக்குப் பெயர் கிடையாது, முகமும் கிடையாது; இரும்புத் தொப்பிதான். கடைசிச் சண்டைக்கு முன்னால் திரை கறுத்து, ஒரு கேள்வி வரும்: உன் எதிரியின் பெயர் என்ன? நாம் தட்டச்சு செய்ய வேண்டும். செய்த பிறகு சண்டை. ஜெயித்தால் தங்க எழுத்தில் அந்தப் பெயர் வரும், இன்னார் வீழ்ந்தான் என்று. உலகம் முழுக்க எத்தனை மேனேஜர்கள், எத்தனை மைத்துனர்கள், எத்தனை கணக்கு வாத்தியார்கள் அந்தத் தங்க எழுத்தில் வீழ்ந்தார்களோ!

ஒன்பதாம் பாகத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

இப்போது சாம்பல் அரசன் தொப்பியைக் கழற்றுகிறான். உள்ளே ஒரு முகம். அவனுக்கு ஏலியன் தோர்வேல் என்று சொந்தப் பெயர் இருக்கிறது. சின்ன வயதில் அவனை யாரும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளவில்லையாம். அழுகிறான். திரையில் ஒரே ஒரு பொத்தான் வருகிறது: 'மன்னி'. வேறு வழியே இல்லை. நான் அமுக்காமல் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் அழுதுகொண்டே இருந்தான். குளித்துவிட்டு வந்தேன். அப்போதும் அழுதுகொண்டிருந்தான்.

ரசிகர் மன்றங்களில் ஒரே கூச்சல். குதிரைக்கு இறக்கை வைத்துவிட்டார்கள், நடந்து போகிற சுகமே போயிற்று என்று ஒரு கூட்டம். கூட்டாளிகள் ஓயாமல் பேசுகிறார்கள் என்று இன்னொரு கூட்டம். ஓசூர் வட்டாரத்துக்கு நாங்களும் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறோம். நாங்கள் என்றால் இரண்டு பேர். இன்னொருவன் நாராயணப்பன், பேரிகைப் பக்கம் தக்காளியும் பீன்ஸும் போடுகிறவன். மார்க்கெட்டில் லோடு இறக்கிவிட்டு அவனும், முதல் ஷிப்ட் முடித்து நானும் வந்தால், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டீ குடித்தபடி குழுவின் பொதுக்கூட்டம் நடக்கும்.

"அன்னா, ஒன்பதுல சந்தைக்குப் போயி காய் வித்துப் பாத்தியா?" என்றான். "எப்ப போனாலும் ஒரே ரேட்டு. மழ பேஞ்சாலும் அதே, பேயாட்டியும் அதே. எட்டாம் பாகத்துல எவ்ளோ நல்லா ஏமாத்துவான் அந்த வியாபாரி! நெஜமாவே நம்ம மார்க்கெட்டுல நிக்கற மாதிரி இருக்கும். இவனுங்களுக்கு என்னாத்துக்கு இந்த வேல?"

"வில்லன் அழுவறான்டா. நீ காய்கறியப் பத்திப் பேசற."

"அழுதா அழுவட்டும். மன்னிச்சி வுட்டுட்டேன் நானு. சட்டுனு முடிஞ்சிடுச்சி, தண்ணி பாய்ச்சப் போனேன்."

"உனக்கு எதிரி இல்ல. அதான்."

"எனக்கா? எனக்கு மழயே எதிரிதான். பேரு வெச்சா மட்டும் வருமா?"

எனக்கு எதிரி இருந்தான். பெயர் மணிகண்டன். எங்கள் கம்பெனியில் தகட்டை அழுத்தி வெட்டுகிற பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர்.

நாங்கள் இருசக்கர வண்டிக்கு பிரேக் பெடல் தாங்குகிற பிராக்கெட் செய்கிறோம். அதில் ஒரு ஓட்டை இருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓட்டை இல்லாத பிராக்கெட் ஒன்று வாடிக்கையாளர் கம்பெனிக்குப் போய்விட்டது. ஓட்டை போடுகிற பஞ்ச் உடைந்ததும் மணிகண்டன் புதியதை மாற்றினான். உடைந்த நேரத்துக்கும் மாற்றிய நேரத்துக்கும் நடுவில் வந்த பீஸ்களைப் பிரித்து வைக்கவில்லை. எல்லாம் ஒரே தொட்டியில் விழுந்து என்னிடம் வந்தன. நான் தொட்டிக்கு ஐந்து எடுத்துப் பார்ப்பேன். அதுதான் விதி. ஐந்திலும் ஓட்டை இருந்தது.

எங்கள் தொழிலில் 'ஒய்-ஒய்' என்று ஒரு முறை உண்டு. பீஸ் கெட்டால் ஏன் என்று கேட்க வேண்டும். வருகிற பதிலுக்கும் ஏன். இப்படி ஐந்து முறை தோண்டினால் வேர் தெரியும் என்பது ஜப்பான்காரன் நம்பிக்கை. எங்கள் கம்பெனியில் ஐந்தாவது ஏனுக்குக் கீழே எப்போதும் ஓர் ஆள் கிடைப்பான். அந்த முறை ரிப்போர்ட் எழுதியவன் மணிகண்டன். கிடைத்தவன் நான். 'இன்ஸ்பெக்டர் கிங்ஸ்டன் கவனக்குறைவு.'

அதோடு போனால் பரவாயில்லை. கேண்டீன் வாசலில் சிவப்புப் பலகை ஒன்று இருக்கிறது. கெட்ட பீஸைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, மேலே காரணம், கீழே பெயர் எழுதி வைப்பார்கள். அடுத்த புகார் வரும்வரை அதை மாற்றமாட்டார்கள். என் கெட்ட நேரம், அதற்குப் பிறகு கம்பெனியின் தரம் உயர்ந்துவிட்டது. இரண்டு வருடம் புகாரே வரவில்லை. இட்லிக்குப் போகிறவன், சாம்பாருக்குப் போகிறவன், ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்காரன், எல்லோரும் என் பெயரைப் படித்துவிட்டுத்தான் கை கழுவினார்கள்.

போன வருடம் ஃபேமிலி டேக்கு என் மாமனார் சூசை வந்திருந்தார். மத்திகிரி மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசிக்கிற மனிதர். எதையும் மனதுக்குள் படிக்கத் தெரியாது. பலகைக்கு முன்னால் நின்று கணீரென்று வாசித்தார்.

"கவனக்குறைவு. இன்ஸ்பெக்டர் கிங்ஸ்டன். ஏன் மாப்ள, உங்க பேருல இங்க இன்னொருத்தர் இருக்காரா?"

"ஆமாங்க மாமா" என்றேன். "செகண்டு ஷிப்ட்டு."

அன்றிலிருந்து அவர் வீட்டு ஜெபத்தில் அந்த இன்னொரு கிங்ஸ்டனுக்காகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அந்த வரி வரும்போதெல்லாம் என் மனைவி லிபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

இப்படியாக, இரண்டு வருடமாக நான் மணிகண்டனைக் கொன்றுகொண்டிருந்தேன். ஷிப்ட் முடிந்து வந்து, எட்டாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தைத் திறந்து, பெயரைத் தட்டி, வாளை உருவுவேன். லிபியா அடுப்பிலிருந்து கேட்பாள், "இன்னிக்கி செத்துட்டானா, இன்னும் இழுத்துக்கினு கெடக்கறானா? காபி ஆறுது." தங்க எழுத்து வரும். மணிகண்டன் வீழ்ந்தான். காபி குடிப்பேன். அன்றைய நாள் ஜீரணமாகிவிடும்.

இதில் என் ஆத்திரம் எதற்குத் தெரியுமா? நான் எதிரி என்பதே அவனுக்குத் தெரியாது. என் பெயரை எழுதியதைக்கூட மறந்துவிட்டான். பார்க்கும்போதெல்லாம் "என்னா கிங்கு, சாப்டியா?" என்பான். எத்தனையோ முறை வெட்டுப்பட்ட ஆள் இவ்வளவு ஆரோக்கியமாக வந்து நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது?

இந்த வருடம் நிலைமை முற்றியது. என் மகள் ப்ரீதா படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். தாத்தா வழியில் வந்தவள், எதுவும் சத்தமாகத்தான். வண்டியில் முன்னால் உட்காரவைத்தால் பஞ்சர் கடை, பல் ஆஸ்பத்திரி, கட்சி போஸ்டர் எல்லாம் காதில் விழும். சானமாவு காட்டு வழியாகப் போனபோது "யா-னை-கள் க-ட-க்-கும் ப-கு-தி" என்று படித்துவிட்டு, கடக்காத யானைகளைத் தேடி வீடு வரை அழுதாள். தன் பெயருக்கு அடுத்து அவள் எழுதக் கற்ற சொல் என் பெயர். ஃபேமிலி டே அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பலகை கேண்டீன் வாசலில். பிரியாணி கேண்டீனுக்குள்ளே.

வேறு காலமாக இருந்தால் எட்டாம் பாகத்தைத் திறந்து மனதை ஆற்றியிருப்பேன். ஆனால் ஒன்பதை ஏற்றியபோது நான் சேமித்து வைத்திருந்த பழைய ஆட்டங்களெல்லாம் அதற்கு மாறிப்போயின. எட்டை மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும். கைவசம் இருந்தது அந்த அழுமூஞ்சி தோர்வேலும் ஒற்றைப் பொத்தானும்தான்.

ஆகவே விளையாட்டுக் கம்பெனிக்குப் புகார் எழுதினேன். எனக்குப் புகார் எழுதத் தெரிந்த முறை ஒன்றுதான். ஆபீஸ் கம்ப்யூட்டரில், மதிய இடைவேளையில், ஒய்-ஒய் படிவத்தில், கட்டம் போட்டு, கலர் அடித்து எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்.

ஏன் ஒன்று: வாடிக்கையாளர் ஏன் கொதிக்கிறார்? வில்லன் சாகவில்லை. ஏன் இரண்டு: ஏன் சாகவில்லை? கொல்லும் பொத்தான் இல்லை. மூன்று: ஏன் இல்லை? கதை எழுதியவருக்கு மனம் இளகிவிட்டது. நான்கு: ஏன் இளகியது? அவருக்கு மணிகண்டனைத் தெரியாது. ஐந்து: ஏன் தெரியாது? அவர் சிப்காட்டில் வேலை பார்த்ததில்லை.

இரண்டாம் தாளில் திருத்த நடவடிக்கைகள். அதில்தான் மனதைக் கொட்டியிருந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன். அப்போது நானும் அதை மறுபடி படிக்கும்படி ஆயிற்று.

மறுநாளே பதில் வந்தது. 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. மன்னிப்பின் வலிமையை நீங்களும் ஒருநாள் உணர்வீர்கள்.' அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தில் தோர்வேலையும் அவன் ஆசிரியரையும் சேர்த்து அதே தொட்டியில் போட்டு பிரஸ்ஸுக்கு அடியில் வைத்திருப்பேன்.

மாதா என்னைக் கைவிடவில்லை. அந்த வாரமே வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து போன். பிராக்கெட். ஓட்டை இல்லை. மணிகண்டன் ஷிப்ட்.

இந்த முறை ரிப்போர்ட் எழுத வேண்டியவன் நான்.

ஓட்டை இல்லாத அந்த பிராக்கெட்டைக் கையில் வாங்கியபோது எனக்குக் குழந்தையை ஏந்துவதுபோல இருந்தது. வெள்ளிக்கிழமை ரிவியூ மீட்டிங். சனிக்கிழமை பலகை மாறும். ஞாயிற்றுக்கிழமை என் மகள் மணிகண்டன் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

அன்று கேண்டீனில் அவனே என் மேசைக்கு வந்தான். கையில் மைசூர்பாக்கு டப்பா.

"எடுத்துக்கோ கிங்கு. பொண்ணு முடிவாயிடுச்சி."

"எந்த ஊரு?"

"போச்சம்பள்ளி. பிரியதர்ஷினி. நர்ஸு. ரொம்ப நாளா தேடினோமில்ல, எங்கம்மா கோயிலு கோயிலா சுத்திக்கினு இருந்துச்சி." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஞாயித்துக்கெழம அவங்க ஊட்டுல எல்லாரும் ஃபேமிலி டேக்கு வராங்க. மாப்ள எப்பிடி, கம்பெனில மரியாத எப்பிடின்னு பாக்கணுமாம். கொஞ்சம் நீயும் வந்து ரெண்டு வார்த்த நல்லதா சொல்லு."

இரண்டு மைசூர்பாக்கு எடுத்துக்கொண்டேன். இதைவிடச் சிறப்பாக எந்தக் கதாசிரியராலும் எழுதியிருக்க முடியாது. பெண் வீட்டார் முன்னிலையில், மாமனாராகப் போகிறவர் கண்ணெதிரே, சிவப்புப் பலகை! ஒன்பது பாகத்திலும் இப்படி ஒரு கடைசிக் கட்டம் வந்ததில்லை.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். எங்கள் டிபார்ட்மெண்டில் யாரும் புதிதாக ரிப்போர்ட் எழுதுவதில்லை. பழையதைத் திறந்து, வேறு பெயரில் சேமித்து, மாற்ற வேண்டியதை மாற்றுவோம். ஒருமுறை பிரேக் பெடல் ரிப்போர்ட்டில் டிராக்டர் கம்பெனி பெயர் அப்படியே இருந்து, டிராக்டருக்கும் பெடல் செய்கிறீர்களா என்று கேட்டு ஆர்டர் கொடுக்கப் பார்த்தார்கள். கைவசம் இருந்ததிலேயே அழகாகக் கட்டம் போட்ட ரிப்போர்ட் எது? நான் ரத்தத்தைக் கொடுத்து எழுதிய வெல்காராத் ரிப்போர்ட்தான். அதைத் திறந்தேன்.

முதல் நான்கு ஏன்களையும் சுலபமாக மாற்றினேன். ஐந்தாவதில் கை நின்றது. பஞ்ச் உடைந்தால் மெஷின் தானே நிற்க ஒரு சென்சார் வேண்டும் என்று மணிகண்டன் மூன்று முறை கேட்டு மெயில் போட்டிருக்கிறான். ஒவ்வொன்றிலும் என்னையும் சேர்த்திருந்தான். மூன்று முறையும் பட்ஜெட் இல்லை என்று மேலேயிருந்து பதில் வந்தது. உண்மையான ஐந்தாவது ஏன் அதுதான். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, அவன் எனக்கு எழுதிய அதே வார்த்தைகளை, அதே எழுத்து அளவில் தட்டினேன். 'சூப்பர்வைசர் மணிகண்டன் கவனக்குறைவு.' வாளை உருவியதுபோலவே இருந்தது. வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் விசிலடித்தேன். லிபியா காபி கொடுத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

"ஆட்டமே ஆடல, செத்துட்டானா?"

"இந்த வாட்டி நெஜமா."

"பாவம்ங்க, கல்யாணத்த வெச்சிக்கினு..." என்றாள். நான் மைசூர்பாக்கு விஷயத்தை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை மீட்டிங் அறையில் திரையில் ரிப்போர்ட். எங்கள் பிளாண்ட் ஹெட் பெங்களூர்க்காரர். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதும் தமிழுக்கு மாறி, கோபம் வந்தால் கன்னடத்துக்குத் திரும்பிவிடுவார். முதல் தாள் வந்தது. ஐந்தாவது ஏன் வந்தது. எதிரே மணிகண்டன் முகம் இறங்கியது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை, வழி தெரியாதவன் பார்ப்பதுபோல ஒரு பார்வை. நான் என் பேனா மூடியைப் பார்த்தேன்.

"சரி, ஆக்ஷன் பிளான்" என்றார் பிளாண்ட் ஹெட். நான் இரண்டாம் தாளைத் திறந்தேன்.

அதை நான் மாற்றவே இல்லை.

பிளாண்ட் ஹெட் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். "உடனடித் திருத்தம்: மணிகண்டனை மன்னிக்கும் பொத்தானை நீக்கி, கொல்லும் பொத்தானை மீண்டும் பொருத்தவும்." கொஞ்சம் நிறுத்தினார். "நிரந்தரத் தடுப்பு: இனி எந்தப் பாகத்திலும் மணிகண்டன் அழக் கூடாது. சரிபார்ப்பு முறை: மணிகண்டன் தினமும் மாலையில் சாகிறானா என்று கண்காணிக்கப்படும். பொறுப்பு..." திரையை இன்னும் நெருங்கினார். "பொறுப்பு: தோளில் கழுகு உள்ளவர். ஏன்ரீ இது?" என்று கன்னடத்துக்குப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்து அந்த அறையில் அவ்வளவு அமைதி சம்பள உயர்வு கேட்டபோதுகூட இருந்ததில்லை. பிறகு ஸ்டோர்ஸ் மேனேஜர் இருமினார். அந்த இருமல் சிரிப்பாக மாறி, மேசையைச் சுற்றி வந்து, ஒவ்வொருவராகச் சாய்த்தது. நான் விளக்கினேன். வெல்காராத், சாம்பல் அரசன், இரும்புத் தொப்பி, பெயர் வைக்கிற வழக்கம். விளக்க விளக்க நிலைமை மோசமாகியது.

"சார், இது விளையாட்டுக் கம்பெனிக்கு எழுதினது."

"அவங்களுக்கு மணிகண்டனத் தெரியுமா?"

"தெரியாது சார். அதான் நாலாவது ஏன்."

பிளாண்ட் ஹெட் சிரிக்கவில்லை. "ரிப்போர்ட்டுல பர்சனல் பகை. கஸ்டமருக்குப் போயிருந்தா என் மானம் போயிருக்கும். சரி, ஓட்டை இல்லாத பீஸ செஞ்சது யாரு?" மணிகண்டன் கையைத் தூக்கினான். "பாத்துட்டு அனுப்பினது யாரு?" நானும் தூக்கினேன். "ரெண்டு பேரும் போர்டுல. செஞ்சவரு பேரு இடது பக்கம், சோதிச்சவரு பேரு வலது பக்கம். முடிஞ்சுது." சென்சாரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பட்ஜெட் இல்லை என்றவர் அவர்தான்.

மதியம் கேண்டீன் வாசல் டீ மெஷின் பக்கத்தில் மணிகண்டன் என்னைப் பிடித்தான்.

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமா."

"டெய்லியா?"

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவேன்."

"ஏன்டா?"

பலகையைக் காட்டினேன். நின்று படித்தான். அதை அவன் உண்மையிலேயே அன்றுதான் படித்தான் என்று நினைக்கிறேன்.

"இத நானா எழுதினேன்? டேய், ரெண்டு நிமிஷத்துல முடிச்சிக் குடுன்னாங்க. உம் பேருதான் சட்டுனு வந்துச்சி."

"எனக்கு உம் பேரு சட்டுனு வரல. யோசிச்சி எழுதினேன்."

"சென்சாருன்னு எழுதியிருக்கலாமில்ல? மூணு மெயிலும் உனக்குத் தெரியும்."

"பஞ்ச் உடஞ்சதுன்னு நீ எழுதினியா?"

"இல்ல."

"அப்புறம் என்னா?"

டீயை உறிஞ்சினான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அதுல நானு எப்பிடி இருப்பேன்?"

போனில் ஒரு பழைய வீடியோ இருந்தது. கறுப்புக் கவசம், நெருப்புக் கண், தலைக்கு மேலே பெரிய எழுத்தில் அவன் பெயர். இரண்டு முறை போட்டுப் பார்த்தான்.

"கெத்தா இருக்கேன்டா" என்றான். அடுத்த நொடி அவன் தலை உருண்டது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, என் டீயையும் எடுத்துக் குடித்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை நான் குடும்பத்தை மாமனாரோடு பின்னால் வரச் சொல்லிவிட்டு முன்னதாகவே போய்விட்டேன். பலகையின் வலது பக்கம் என் பெயர். அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றேன். கொஞ்ச நேரத்தில் மணிகண்டன் புதுச் சட்டையில் வந்தான். என்னைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், இடது பக்கம் போய்த் தன் பெயரின் மேல் சாய்ந்துகொண்டான். தலைக்கு மேலே ஒரே ஒரு சொல் மட்டும் தெரிந்தது. அதை மறைக்க எங்கள் இருவருக்கும் உயரம் போதவில்லை.

எலுமிச்சை ஸ்பூன் போட்டி முடிந்தது. கயிறு இழுக்கக் கூப்பிட்டார்கள். இரண்டு பேருக்கும் இடுப்பு வலி. கம்பெனி பேசிவைத்த போட்டோகிராபர் அந்தப் பக்கம் வந்தான்.

"அண்ணா, ஃபிரண்ட்ஸு ரெண்டு பேரும் சூப்பரா நிக்கிறீங்க. ஒசரமானவரு மட்டும் இந்தப் பக்கம் வாங்க, வெளிச்சம் வுழல."

மறுத்தால் ஏன் என்பான். ஏன் என்றால் எங்கள் கம்பெனியில் ஐந்து முறை கேட்பார்கள். பலகையை விட்டு முதுகை எடுக்காமல், சுவரோடு சுவராக உரசிக்கொண்டு இடம் மாறினோம். அவன் போட்டோ எடுத்துவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது. இப்போது என் முதுகுக்குப் பின்னால் இருந்தது மணிகண்டன் பெயர். அவன் முதுகுக்குப் பின்னால் என் பெயர்.

அந்த நேரம் பார்த்து கேட்டில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டுப்புடவைகள் இறங்கின. போச்சம்பள்ளி.

நான் ஓர் அடி நகர்ந்தால் போதும். தண்ணீர் குடிக்கப் போகலாம். மகளைத் தேடிப் போகலாம். யாரும் எதுவும் சொல்ல முடியாது. பொத்தான் கையில் இருந்தது, கொல்லும் பொத்தான். இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் மணிகண்டனின் மூச்சு கேட்டது. அவனுக்கும் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு, புருவத்திலிருந்து வேர்வை இறங்க நின்றான்.

நான் நகரவில்லை. மன்னித்தேன் என்று யாராவது நினைத்தால் அது அவர்கள் தவறு. வேனுக்குப் பின்னாலேயே என் மாமனாரின் ஸ்கூட்டர் வந்துவிட்டது.

"இவங்கதான் கிங்ஸ்டன். எங்க குவாலிட்டி" என்று மணிகண்டன் என்னைக் காட்டினான். பிரியதர்ஷினி வணக்கம் சொன்னாள். நல்ல பெண்; கண்ணிலேயே விவரம் தெரிந்தது. "ஏன் ரெண்டு பேரும் இங்கயே நிக்கறீங்க? எல்லாரும் அங்க இருக்காங்களே."

"இங்க காத்து நல்லா வருதும்மா" என்றேன். இலை அசையவில்லை. "மணிகண்டன் இருக்கற எடத்துல நானும் இருப்பேன். ரெண்டு வருஷமா அப்படித்தான். ஒரு சாயங்காலம்கூட இவன நெனைக்காம நான் காபி குடிச்சதில்ல."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அவள் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ப்ரீதா ஓடி வந்தாள். எங்கள் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். "க-வ-ன-க்-கு-றை-வு" என்று ஊருக்கே கேட்கும்படி படித்தாள். "அப்படின்னா என்னப்பா? கீழ என்ன எழுதியிருக்கு? நகரு, நகரு."

மணிகண்டன் குனிந்தான், முதுகைச் சுவரிலிருந்து எடுக்காமலே.

"அது ஒரு காய்ச்சல் கண்ணு. இந்தக் கம்பெனில எல்லாருக்கும் ஒருவாட்டி வரும். கிட்ட வந்தா ஒட்டிக்கும். போ, அங்க பஞ்சு முட்டாயி குடுக்கறாங்க."

அவள் ஓடிவிட்டாள். என் மாமனார் மட்டும் நின்றார்.

"ஏன் மாப்ள, அந்த இன்னொரு கிங்ஸ்டன் வந்திருக்காரா? பாக்கணும்னு ரொம்ப நாளா..."

மணிகண்டன் என்னைப் பார்த்தான். ஒரு கணத்தில் எல்லாம் புரிந்துகொண்டான். பிரஸ் ஷாப்பில் அந்த வேகம் இருந்திருந்தால் எங்களுக்குப் பலகையே தேவைப்பட்டிருக்காது.

"அவரு வேலைய வுட்டுட்டாருங்க" என்றான். "நல்ல மனுஷன். கொஞ்சம் நெஞ்சுல வெச்சிக்கற டைப்பு."

"மாதா காப்பாத்தட்டும்" என்றார் மாமனார். தூரத்தில் லிபியா முந்தானையை வாய்க்குக் கொண்டுபோவது தெரிந்தது.

பந்தி முடிந்து, கடைசி வேனும் கடைசி ஸ்கூட்டரும் போகும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம். முதுகில் சிவப்புப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. பிரியாணி தீர்ந்துவிட்டது. கேண்டீனில் முனிலட்சுமி அக்கா இரண்டு தட்டில் தயிர்ப் பச்சடி மட்டும் கொண்டுவந்து கொடுத்தாள். சுவரோரம் நின்றே சாப்பிட்டோம்.

"நானு உன்ன மன்னிக்கல" என்றேன்.

"நான் மட்டும்? பொண்ணு ஊடு வர்ற நேரத்துல எம் பேர எழுதினவன் நீ."

"நீதான் மொதல்ல எழுதின."

"அந்த ஆட்டம் எங்க கெடைக்கும்? பேரு வெக்கிறது."

எட்டாம் பாகம் என்றேன். ஒன்பதை வாங்காதே, அதில் அழுவான் என்றும் எச்சரித்தேன். எதிரியானாலும் அந்தப் பாகத்தை ஒருவன் தலையில் கட்டுவது பாவம்.

இப்போது எங்கள் வாட்ஸப் குழுவில் மூன்று பேர். மணிகண்டன் எதையும் சுற்றிப் பார்க்காமல், யாரையும் கூட்டணி சேர்க்காமல், இறக்கையில்லாத குதிரையில் நேராகச் சாம்பல் அரசனிடம் போய்விட்டான். எதிரிக்கு அவன் வைத்த பெயர் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தினமும் செத்துப் பிழைக்கிறான். 'கிங்ஸ்டனை அடிக்கவே முடியல, எப்பிடிடா?' என்று வேர்த்த முகப் பொம்மையோடு செய்தி வரும். இடது பக்கமாகப் போ, கேடயத்தைக் கீழே வை என்று பதில் போடுவேன். நாராயணப்பன் தனியாகக் கூப்பிட்டு, "அன்னா, எடது பக்கம் போனா பள்ளந்தானே இருக்கு?" என்றான். "பேசாம இரு" என்றேன்.

நேற்று மணிகண்டன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தான். லிபியா காபி போட்டாள். ப்ரீதா பத்திரிகை முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டினாள். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி, "அந்த எடது பக்கம் உண்மதானே?" என்று கேட்டான்.

"உண்மதான்" என்றேன்.

கல்யாணத்துக்குள் சரியான வழியைச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். கல்யாணம் தை மாதத்தில்தான். அவசரமில்லை.